மூன்று பேர் இருமுகிறார்கள், பழி மட்டும் பனிக்கு

மடிப்பாக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 39. இரண்டாவது மாடி ஃபிளாட்டில் கணவர், 9 வயது மகள், 67 வயது அப்பா ஆகியோருடன் இருக்கிறார். மார்கழியில் தொடங்கிய தும்மலும் இருமலும் மாசி பிறந்தும் வீட்டை விட்டுப் போகவில்லை என்பது அவருடைய கவலை. இவருக்குக் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து அடுக்குத் தும்மல். மூக்கு ஒழுகும், பத்து மணிக்கு மேல் தானாக நின்றுவிடும். இரவில் மூக்கு அடைத்துக்கொள்வதால் ஒன்றரை மாதமாகச் சொட்டு மருந்து போடாமல் தூக்கம் இல்லை. மகளுக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் இருமல். பள்ளியில் ஓடி விளையாடினாலும் இருமல். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) இருந்ததாம். அப்பாவுக்குத் தொண்டையில் அரிப்பு, வறட்டு இருமல். தீபாவளிக்குப் பிறகு அவருக்கு ரத்த அழுத்தத்துக்காக ராமிப்ரில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா காலை ஐந்து மணிக்கு மங்கி கேப் போட்டு வாக்கிங் கிளம்பிவிடுகிறார். திரும்பி வந்து பால்கனியில் காபியும் பேப்பரும். அந்தப் பால்கனியில் புறாக்கள் குடியிருக்கின்றன. கொசுத் தொல்லைக்குக் கணவர் தினமும் சுருள் கொளுத்துகிறார். ராத்திரி ஃபேன் போடலாமா கூடாதா என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. வாசகி கேட்பவை: அப்பாவின் வாக்கிங்கை நிறுத்தலாமா, மகளுக்கு ஆரஞ்சு, கொய்யா, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தியது சரிதானா, மூவருக்கும் தைலம் போட்டு ஆவி பிடிப்பது போதுமா, போன வருடச் சீட்டைக் காட்டி அதே அசித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கை வாங்கிக் கொடுக்கலாமா.

உங்கள் கடிதத்தில் பதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கும் வந்ததால் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். காரணமாகப் பனி கிடைத்தது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் மூவருக்கும் மூன்று வேறு கோளாறுகள். சென்னையில் தை, மாசி விடியலில் வெப்பம் 20 முதல் 22 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிர் மட்டும் யாரையும் இரண்டு மாதம் இரும வைக்காது. அந்தப் பருவத்தோடு சேர்ந்து வருகிற மற்றவைதான் வேலை செய்கின்றன: பரணிலிருந்து இறங்கிய போர்வை, மூடிய ஜன்னல், கொசுச் சுருள், மேலே எழும்பாமல் தரையோடு தங்கும் குப்பைப் புகை.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். அவருடையதைச் சரிசெய்வதுதான் சுலபம், அதைத்தான் நீங்கள் கவனிக்கவே இல்லை.

அப்பாவின் இருமல்: மாத்திரைப் பட்டையைப் பாருங்கள்

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டைக்குள் யாரோ கூச்சம் காட்டுவதுபோல இருக்கும், படுத்தால் அதிகமாகும். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இந்த மருந்துகள் தடுக்கிற அதே நொதிதான் மூச்சுப்பாதையில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கவும் வேண்டும். அது சிதையாமல் தேங்குவதால் இருமல் நரம்பு உசுப்பப்படுகிறது. அதனால் இருமல் சிரப் எத்தனை பாட்டில் காலியானாலும் பலன் இருக்காது. மாத்திரையின் அளவைக் குறைப்பதாலும், வேறொரு 'ப்ரில்'லுக்கு மாறுவதாலும் பெரிதாகப் பயன் இல்லை.

இதைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம், "இது ஆரம்பித்த பிறகுதான் இருமல்" என்ற ஒரே வரியைச் சொல்லுங்கள். பெரும்பாலும் டெல்மிசார்டன், லொசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார். மாற்றிய பிறகு ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். முதல் வாரத்திலேயே "ஒன்றும் குறையவில்லையே" என்று அப்பா அலுத்துக்கொண்டால் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். ராமிப்ரில் சாப்பிடும் காலத்தில் உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் அது வேறு விஷயம்: உடனே அவசர சிகிச்சைப் பிரிவு, அடுத்த வேளை மாத்திரை கிடையாது.

மாத்திரைதான் காரணம் என்று என் கணிப்பு சாய்ந்தாலும் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்வது நம் நாட்டு நடைமுறை. சளி வந்தால் அதையும் கொடுங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உங்கள் பக்கத்துக்குத் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் தூரமில்லை. மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் நாளைக்கே போங்கள்.

வாக்கிங்கை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். குளிர்ந்த விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். இது மூடிபோல உட்கார்ந்துகொள்வதால் வண்டிப் புகை, தெருமுனையில் சருகு கொளுத்தும் புகை எல்லாம் மேலே போகாமல் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நீங்கள் பனி என்று நினைப்பதில் ஒரு பங்கு புகைதான். போகி அன்று விடியலில் இது எல்லோருக்கும் கண்கூடு. பிப்ரவரியில் சூரியன் ஆறரை மணி சுமாருக்கு உதிக்கிறது. ஏழு மணிக்குக் கிளம்பினால் அந்த மூடி கலையத் தொடங்கியிருக்கும். அப்பாவுக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும், என்ன செய்வது என்பீர்கள். காபியை முன்னால் கொண்டுவாருங்கள், நடையைப் பின்னால் தள்ளுங்கள். மங்கி கேப்பை யாரும் கேலி செய்ய வேண்டாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, காதில் சில்லென்று படாமல் இருப்பதே ஒரு சுகம். தெருவில் குப்பை கொளுத்துவது சட்டப்படி தவறு. 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாயும், மொத்தமாகக் கொளுத்தினால் 25,000 ரூபாயும் அபராதம் விதிக்கச் சொல்லியிருக்கிறது. மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுக்கலாம்.

புறாதான் எனக்கு உறுத்துகிறது. காய்ந்த புறா எச்சத்தின் தூளும் இறகுத் தூளும் நாள்பட உள்ளே போனால் சிலருக்கு நுரையீரலே அலர்ஜியில் வீங்கும். வறட்டு இருமலோடு படியேறினால் மூச்சு வாங்கும். பலகாலம் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். எக்ஸ்ரே எடுக்கும்போது புறா விஷயத்தையும் சொல்லுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரமாகவே வழித்தெடுக்க வேண்டும். அதை அப்பா செய்ய வேண்டாம். பிறகு பால்கனிக்கு நைலான் வலை அடித்துவிட்டால், காபியும் பேப்பரும் அங்கேயே தொடரலாம்.

உங்கள் தும்மல்: பரணிலிருந்து இறங்கியது

எழுந்ததும் அடுக்குத் தும்மல், பத்து மணிக்கு மேல் ஒன்றுமில்லை. இது சளிக் காய்ச்சல் அல்ல, படுக்கை அலர்ஜி. தூசிப் பூச்சி என்று ஒன்று இருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று தலையணையிலும் மெத்தையிலும் வாழும். அதன் எச்சம்தான் அலர்ஜியைக் கிளப்புவது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவரும், விடியலில் 80 சதவீதத்தைத் தாண்டும் ஈரப்பதமும் அதற்கு விருந்து. பத்து மாதம் பரணில் கிடந்த போர்வையை உதறி மார்கழியில் போர்த்திக்கொண்டதும் உங்கள் பிரச்சினை ஆரம்பித்திருக்கிறது.

போர்வை, தலையணை உறை, விரிப்பு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். அதில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம். சாயம் போகும் துணியைத் தனியாகப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் ஓரளவு போகும், பூச்சி சாகாது. இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது. பழையதாக இருந்தால் தூக்கிப் போடுங்கள், இல்லையென்றால் நெருக்கமாக நெய்த ஜிப் உறைக்குள் அடைத்துவிடுங்கள். மெத்தைக்கும் அதே மாதிரி உறை. வெயிலில் போடுவது நல்லதுதான், உச்சி வெயிலில் நான்கு மணி நேரம், இரண்டு பக்கமும். ஆனால் காய்ந்த பிறகு தட்டி எடுக்கிற வேலையைத் தும்மல் இல்லாத ஒருவர் மொட்டை மாடியிலேயே செய்துவிட வேண்டும்.

அடுத்தது அந்தச் சொட்டு மருந்து. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகளை மூன்று நாளுக்கு, அதிகம் போனால் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கின் உள்சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். நீங்கள் மறுபடி போடுவீர்கள், அது மறுபடி வீங்கும். இப்போது உங்கள் இரவு மூக்கடைப்புக்குக் காரணம் அலர்ஜி பாதி என்றால், சொட்டு மருந்து பாதி. விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது: முதலில் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நிறுத்துங்கள். அது ஒரு வாரம் பத்து நாளில் திறந்துகொண்டதும் மற்றதிலும் நிறுத்துங்கள். கூடவே டாக்டரைக் கேட்டு ஃப்ளூட்டிகாசோன் அல்லது மொமெட்டாசோன் ஸ்பிரே தொடங்கினால் அந்த நாட்கள் சுலபமாகக் கடக்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; மூக்கோடு நிற்கிற அளவுதான், உடம்புக்குள் போவது மிகக் குறைவு.

இந்த ஸ்பிரே வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் அடிக்கும் விதம்தான் தவறு. தலையைச் சற்று முன்னால் குனியுங்கள், பின்னால் சாய்க்கக் கூடாது. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனையை நடுச் சுவரை நோக்கிப் பிடிக்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். உடனே பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். நடுச் சுவரில் அடித்தால் மூக்கில் ரத்தம் வரும் வாய்ப்பு அதிகம். தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தும்மல் வந்த அன்றைக்கு மட்டும் அடித்தால் பயனில்லை.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும் நல்ல பழக்கம், ஸ்பிரேக்கு முன்னால் செய்யலாம். அளவு தவறாமல் இருக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பாக்கெட்டையே வாங்குங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, கேன் தண்ணீரும் அப்படியே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. அது மிக அரிதுதான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர் மிகச் சிலர்.

மகளுக்கு வெறும் சளி என்று விடாதீர்கள்

மூன்று மணி இருமல், ஓடினால் இருமல், கைக்குழந்தையில் கரப்பான், தாய்க்கு அலர்ஜி. இந்த நான்கும் சேர்ந்தால் ஆஸ்துமாவை நினைக்காமல் இருக்க முடியாது. வீசிங் சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமா என்பதில்லை, சில குழந்தைகளுக்கு இருமல் மட்டும்தான் வரும். குழந்தை மருத்துவரிடம் இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்லுங்கள். ஒன்பது வயதில், மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்ய முடியும். இன்ஹேலர் எழுதினால் தயங்க வேண்டாம். அது பழக்கமாகிவிடும் என்பது வெறும் பயம். சிரப்பைவிட மிகக் குறைந்த அளவு மருந்து போக வேண்டிய இடத்துக்கே நேரே போகிறது. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துத்தான் கொடுக்க வேண்டும்: குலுக்கி, ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும், மாண்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி மருந்து கலந்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு போன்ற பாதிப்புகளுக்காக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. டாக்டர் தேவை என்று நினைத்தால் எழுதுவார். அப்போது குழந்தையின் தூக்கத்தையும் நடத்தையையும் கவனியுங்கள்.

கொசுச் சுருள் இன்றோடு நிற்க வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலை மூடிக்கொண்டு அதைக் கொளுத்திவிட்டுக் குழந்தை ஏன் மூன்று மணிக்கு இருமுகிறாள் என்று கேட்பது நியாயமில்லை. கணவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணியும் இதே கணக்கில்தான் வரும். தலைக்குக் குளித்த அன்று குழந்தையின் முடிக்குப் புகை போடுவதையும் விட்டுவிடுங்கள். பதிலுக்கு, ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை, கட்டிலுக்குக் கொசுவலை. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை கதவைச் சாத்தி வையுங்கள். உங்கள் கட்டடத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதன் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலையைக் கட்டச் சொல்லுங்கள். இரவில் கடிக்கும் கொசு பெருகுவது அங்கேதான், ஒரு துண்டு வலைக்கு இருக்கும் பலன் நூறு சுருளுக்கு இல்லை.

ஆரஞ்சு, கொய்யா, தயிர் எதுவும் சளியைக் கொண்டுவராது. இலந்தையும் கொய்யாவும் வருகிற இந்தச் சீசனில் ஒரு குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்குவது தேவையில்லாத தண்டனை. கழுவிக் கொடுங்கள், அவ்வளவுதான். ஐஸ் தண்ணீர் குடித்ததும் அவளுக்கு இருமல் வருகிறது என்றால், மூச்சுக்குழாய் எளிதில் சுருங்குகிறது என்று பொருள். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு டீஸ்பூன் தேன் இருமலைக் கொஞ்சம் அடக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே தேன்.

ஆவி, அசித்ரோமைசின், ஃபேன்

ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் மூக்கு இளகும். நோயைக் குறைக்காது. பெரியவர்கள் வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் பிடிப்பதில் தப்பில்லை. மகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். பாத்திரம் மடியில் கவிழ்ந்து தொடை வெந்துபோவது இந்தப் பருவத்தில் நடக்கும் விபத்து. தைலத்தில் இருக்கும் கற்பூரம் சுருங்கும் மூச்சுக்குழாயை இன்னும் எரிச்சலாக்கும்.

அசித்ரோமைசின் வேண்டவே வேண்டாம். மூவரில் ஒருவருக்கும் பாக்டீரியா தொற்றின் அடையாளம் இல்லை. போன வருடம் மூன்று மாத்திரையில் சரியானது என்கிறீர்கள். சாதாரண வைரஸ் இருமல் முழுதாக அடங்கவே சராசரியாக 18 நாள் ஆகும். இரண்டாவது வாரக் கடைசியில் பொறுமை இழந்து மாத்திரை வாங்கினால், தானாகக் குணமாவதற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்ளும். சளி மஞ்சளாக இருப்பதும் பாக்டீரியா தொற்றுக்குச் சான்று இல்லை. அப்பாவுக்குக் கடையில் கிடைக்கும் ஜலதோஷக் கூட்டு மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். அவற்றில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம்; குளோர்ஃபெனிரமின் தூக்கத்தோடு, அந்த வயது ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரலாம்.

ஃபேன் விஷயத்தில் இரண்டு கட்சியும் பாதி சரி. ஓடுகிற ஃபேன் கொசுவை அண்டவிடாது, கொசு அவ்வளவு பலமாகப் பறக்காது. ஆனால் இறக்கையில் படிந்த தூசியை இரவு முழுக்க முகத்தில் தூவிக்கொண்டிருக்கும். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் செருகி, இரு பக்கமும் அழுத்தி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஸ்பீடை இரண்டில் வையுங்கள். மகளின் தலை ஃபேனுக்கு நேர் கீழே வராதபடி கட்டிலை இரண்டு அடி நகர்த்துங்கள்.

இன்ஹேலர் கிடைக்கும்வரையும் சரி, கிடைத்த பிறகும் சரி, மகளுக்கு மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும், உங்கள் சொட்டு மருந்து உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள்.

மாசி முடிவதற்குள் ஏ.சி. போடத் தொடங்கிவிடுவீர்கள். மூன்று மாதம் சும்மா இருந்த ஃபில்டரில் பூஞ்சையும் தூசியும் சேர்ந்திருக்கும். கழற்றிக் குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை திரும்ப வந்துவிடும். முதல் தடவை ஓடவிடும்போது ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓடட்டும், அந்த நேரத்தில் நீங்களும் மகளும் வேறு அறையில் இருங்கள்.